பட்ட மரத்துக் குடிகள்

விருத்தாம்பாள், பிறப்பு 1973. பள்ளிச் சான்றில் அப்படித்தான் இருக்கிறது. குடும்ப அட்டையில் 1975. பள்ளிச் சான்றே சரி என்பது அவர் கருத்து. படிப்பு ஐந்தாம் வகுப்பு. கணவர் பச்சமுத்து. ஊர் பாலைமேடு, மரக்காணத்துக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் மேற்கில் உள்ளது. தை முதல் புரட்டாசி வரை கணவன் மனைவி இருவருக்கும் மரக்காணம் உப்பளத்தில் வேலை. பச்சமுத்து பாத்தியில் பலகை பிடித்து உப்பு வாருவார். விருத்தாம்பாள் அதைக் கூடையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டுவார். மழை மாதங்களில் உப்பளம் நீருக்கடியில் கிடக்கும். 2009 முதல் அந்த மூன்று மாதங்களில் பாலைமேடு ஐயனார் காட்டில் பூச்சிப் பொறிகளைக் காத்துவருகிறார்.

2023 செப்டம்பர் 10 ஞாயிற்றுக்கிழமை, பட்டுப்போய் நின்ற ஏழு பழைய மரங்களை வெட்டலாமா என்று முடிவுசெய்ய ஐயனார் கோயில் குழு கூடியது. மரங்களை வெட்டுவதற்குக் குழு காட்டிய காரணங்களில் ஒன்று, அவற்றுக்குள் இப்போது எந்தப் பூச்சியும் வாழவில்லை என்ற ஓர் ஆய்வறிக்கை. அந்த அறிக்கை பிழையானது என்பதை அறிந்தவர் ஒருவர்தான். மூன்று ஆண்டுகளாக அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்ல வேண்டும்.

காட்டின் பரப்பு பதினோரு ஏக்கர். வடக்கே கோயிலும் மண்குதிரைகளும். கிழக்கே சவுக்குத் தோப்பு. மற்ற இரு பக்கமும் வேர்க்கடலைக் கொல்லை. வீரை, உலக்கைப்பாலை, காசா, இலுப்பை, கருங்காலி ஆகியவை நெருங்கி வளர்ந்த காடு. சுற்றிலும் செம்பாறைக் கற்களை நட்டு எல்லை வகுத்திருக்கிறார்கள். அந்தக் கல்லைத் தாண்டி உள்ளிருந்து ஒரு சுள்ளிகூட வெளியே போகக் கூடாது என்பது ஊர்க்கட்டு. காலில் ஒட்டிய சருகைக்கூட எல்லைக்கல் அருகே தட்டிவிட்டுத்தான் வெளியே வருவார்கள். விழுந்த மரம் விழுந்த இடத்திலேயே கிடக்கும். ஊரில் விறகுக்குப் பஞ்சம் இருந்த காலங்களிலும் இந்தக் கட்டு மீறப்பட்டதாக எவரும் சொல்லவில்லை.

திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கும் கலைமதி, இந்தக் காட்டைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே அந்தக் கட்டுதான். முதிர்ந்த காட்டில் செத்த மரங்களை நம்பி வாழும் பூச்சிகள் எத்தனை, காடு மாறும்போது அவை எப்படி மாறுகின்றன என்பதை ஆண்டுதோறும் எண்ணிப் பார்ப்பது அவர் நோக்கம். விறகு பொறுக்கப்படாத காடு இந்தக் கடற்கரையில் வேறு கிடைக்கவில்லை. 2009 செப்டம்பரில் கோயில் குழுத் தலைவர் கன்னியப்பனிடம் அனுமதி கேட்டார். உதவிக்கு ஓர் ஆள் வேண்டுமென்றதும், மழைக்காலத்தில் வேலையில்லாமல் இருப்பவர், அதிகம் பேசாதவர் என்று கன்னியப்பன் விருத்தாம்பாளை அழைத்துவந்தார்.

நான்கு கட்டங்கள் அளக்கப்பட்டன. ஒவ்வொரு கட்டத்திலும் இரு மரங்களுக்கு நடுவே கண்ணாடி போன்ற தெளிவான தாள் ஒன்று தொங்கும். பறந்து வரும் வண்டு அதில் மோதிக் கீழேயுள்ள தொட்டியில் விழும். தொட்டியில் ஊற்றக் கலைமதி ஒரு மருந்துப் புட்டி கொண்டுவந்திருந்தார். அதன் நெடி சன்னிதி வரை வந்ததால் கோயில் குழு மறுத்துவிட்டது. விருத்தாம்பாள்தான் உப்பளத்தின் கடைசிப் பாத்தியில் நிற்கும் கெட்டியான உப்புநீரை ஊற்றிப் பார்க்கச் சொன்னார். அதில் வண்டுகள் இரண்டு வாரம் வரை கெடாமல் இருந்தன. அதன்பின் ஒவ்வொரு செப்டம்பரிலும், மழை இறங்குமுன், இரண்டு கேன் உப்புநீரைப் பிடித்துவைப்பது அவர் பொறுப்பாயிற்று. கலைமதியின் ஏடுகளில் இந்த யோசனை அவர் பெயரோடு குறிக்கப்பட்டிருக்கிறது.

பூச்சிகளுக்கு விருத்தாம்பாள் தாமே பெயர் வைத்துக்கொண்டார். உடலைவிட நீளமான உணர்கொம்பு கொண்ட மரவண்டு அவருக்கு மீசைக்காரன். மல்லாக்கப் போட்டால் சொடுக்கிக்கொண்டு துள்ளி எழும் வண்டு கரணக்காரன். வகை பிரிப்பதில் அவர் கை தவறியதில்லை என்று கலைமதி 2010ஆம் ஆண்டு ஏட்டில் எழுதியிருக்கிறார்.

செத்த மரத்தின் கணக்கையும் அவர் விரைவில் புரிந்துகொண்டார். மரம் பட்ட முதல் ஆண்டில் பட்டைக்கடியில் துளைப்பவை வரும். மூன்றாம் நான்காம் ஆண்டில் அவை போய்விடும். ஓட்டையான வீட்டுக்கு வேறு குடிகள் வரும். பத்தாண்டு கழிந்து கட்டை சிவந்து, விரலால் கிள்ளினாலே உதிரும் பதத்துக்கு வந்தபின்தான் கரணக்காரனின் புழுக்கள் அதில் வளரும். ஒரு கட்டை தீர்ந்தால் அதே பதத்தில் இன்னொரு கட்டை பறக்கும் தூரத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் குடி அற்றுப்போகும். பக்கத்துச் சவுக்குத் தோப்பு அதற்கு உதவாது. சவுக்கு நான்காண்டில் வெட்டப்படுகிறது. அது முதுமை அடைவதே இல்லை.

முதல் மூன்று ஆண்டுகளில் மரவண்டுகளின் எண்ணிக்கை முறையே 88, 91, 85. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தது. காட்டில் 132 மரங்கள் விழுந்தன. ஊரார் அழுதார்கள், ஆனால் கட்டின்படி மரங்கள் கிடந்த இடத்திலேயே கிடந்தன. 2012இல் மரவண்டுகள் 176. 2013இல் 243. இந்தக் கட்டைகள் அடுத்த இருபது ஆண்டுக்கான சோறு என்று கலைமதி ஏட்டின் ஓரத்தில் எழுதியிருக்கிறார்.

2013 ஜூலை 28, ஆடி ஞாயிறு. புதுச்சேரியிலிருந்து காரில் வந்த ஒரு குடும்பம் வேண்டுதல் பொங்கல் வைக்க எல்லாம் கொண்டுவந்திருந்தது, விறகைத் தவிர. முந்தைய நாள் மழையில் கடைவிறகு நனைந்திருந்தது. ஐயனாருக்குக் கேஸ் அடுப்பில் பொங்கல் வைப்பது வழக்கமில்லை. அந்தக் குடும்பத்து மருமகள் கைக்குழந்தையோடு ஒரு மணி நேரமாகக் காலிப் பானை அருகே நின்றுகொண்டிருந்தார். சாமி கும்பிட வந்த விருத்தாம்பாள் இதைப் பார்த்தார், கன்னியப்பனிடம் போனார்.

"பெரியப்பா, உள்ள வுழுந்து கெடக்குற கட்டைய உள்ளயே எரிச்சா என்னா? கல்லத் தாண்டலியே. சாமி மரம், சாமி சோறு. சாம்பலும் இங்கதான இருக்கப் போவுது."

கன்னியப்பன் பூசாரியை அழைத்துப் பூ கேட்கச் சொன்னார். ஐயனாரின் வலப்பக்கத்துப் பூ விழுந்தது. அன்று ஒரு காசாக் கிளை எரிந்தது. பொங்கல் பொங்கியது. அந்த மருமகள் விருத்தாம்பாளின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்.

சாலை அகலமானபின் காரில் வருபவர்கள் பெருகினார்கள். காரில் வருபவர்கள் விறகு கொண்டுவருவதில்லை. 2016 ஆடியில் ஒரே ஞாயிற்றுக்கிழமை நாற்பது அடுப்புகள் எரிந்தன. சனிக்கிழமை பகலில் உப்பள வேலை முடிந்ததும் விருத்தாம்பாள் நான்கு பெண்களோடு காட்டுக்குள் போவார். சிறிய கட்டைகளை இழுத்துவருவார்கள். பெரியவற்றைப் பச்சமுத்துவும் இன்னும் இருவரும் கோடாலியால் பிளப்பார்கள். பிளந்த இடத்தில் சிராய் கிடந்தால் அது சாமி காட்டுக்கு அழகல்ல என்பதால், விருத்தாம்பாள் அதையும் கூட்டி அள்ளி, மேலே சருகைப் பரப்பிவிட்டு வருவார். திருவிழா ஒலிபெருக்கியில் கன்னியப்பன் அவர் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். தன் பெயர் ஒலிபெருக்கியில் வந்தது அந்த ஒருமுறைதான் என்று விருத்தாம்பாள் சொல்கிறார்.

கணக்கெடுப்பு ஐப்பசியை ஒட்டித் தொடங்கும். அப்போது அடுப்படி காலியாக இருக்கும். சாம்பலை மழை கரைத்திருக்கும். ஆடி மாதத்துக் காட்டையும் ஐப்பசி மாதத்துக் காட்டையும் இரண்டையும் பார்த்தவர் விருத்தாம்பாள் மட்டுமே. கலைமதி ஆடியில் ஒருமுறைகூட வந்ததில்லை. பொறி இல்லாத மாதத்தில் வர வேண்டிய தேவை இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. இதை அவரே பின்னர் எழுதிவைத்திருக்கிறார்.

ஏட்டில் ஒரு பத்தி உண்டு: எல்லைக்கு வெளியே சென்ற மரம். ஊர்க்கட்டை அறிந்து, அதையே அளவாக வைத்துக் கலைமதி வரைந்த பத்தி அது. ஒவ்வோர் ஆண்டும் அவர் கேட்பார், விருத்தாம்பாள் இல்லை என்பார், பூச்சியம் எழுதப்படும். 2009 முதல் 2018 வரை பத்துப் பூச்சியங்கள் உள்ளன. அவற்றில் ஒன்றும் பொய்யில்லை. மரம் எல்லைக்குள்ளேயே எரிந்து தீரலாம் என்பது பத்தி வரைந்தவருக்குத் தோன்றவில்லை. கட்டு மீறப்படாத வரையில் காட்டுக்கு ஒன்றும் நேரவில்லை என்று பதில் சொன்னவர் நம்பினார்.

எண்ணிக்கை இறங்கியது. 2016இல் 140, 2018இல் 61. பழைய மரங்கள் தலை காய்ந்துவந்தன. அவற்றின் நிழலில் முளைத்தவை மெலிந்து நின்றன. வெயில் தரைவரை இறங்கியதால் சருகு ஈரம் பிடிக்கவில்லை. காடு மூப்படைகிறது என்று கலைமதி எழுதினார். அது உண்மையும்கூட. ஆனால் மூப்படையும் காட்டில் செத்த மரம் கூடியிருக்க வேண்டும்.

2019 நவம்பர் 9, இரண்டாம் சனிக்கிழமை. மூன்றாம் கட்டத்துத் தொட்டியில் மரவண்டு ஒன்றுகூட இல்லை. கலைமதி தொட்டியை வைத்துவிட்டுச் சுற்றிலும் தேடினார். அங்கே தானே புயலில் சாய்ந்த ஒரு வீரை மரம் கிடந்தது. 2014இல் அதன்மேல் உட்கார்ந்து இருவரும் சாப்பிட்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் இப்போது சருகுதான் இருந்தது.

"எட்டு வருஷத்துல ஒரு வீரை முழுசா மக்கிடுமாக்கா? இரும்பு மாதிரி மரமாச்சே," என்றார் கலைமதி.

அந்த வீரை 2017 ஆடியில் மூன்று ஞாயிறுகளுக்கு எரிந்தது. விருத்தாம்பாள் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். வண்டு குறைந்ததற்கும் அடுப்புக்கும் உள்ள தொடர்பு தனக்கு அந்த நொடியில்தான் முழுதாக விளங்கியது என்கிறார். ஒரு குடி அற்றுப்போவது பற்றிக் கலைமதி சொன்னதெல்லாம் வேறு காடுகளைப் பற்றியது போல இத்தனை ஆண்டுகள் கேட்டிருக்கிறார்.

"கறையான் ஜாஸ்தி டீச்சர்," என்றார்.

கலைமதி அதை எழுதிக்கொண்டார். ஏட்டின் அந்தப் பக்கத்தில் நீல மையில், 'கறையான் மிகுதி, விருத்தாம்பாள் கூற்று' என்று இருக்கிறது. ஏடுகள் அனைத்திலும் அவர் சொன்னதாக உள்ள பொய் அது ஒன்றே.

2020இல் அறிக்கை வெளியாயிற்று. கடலோர வெப்பத்தில் செத்த மரம் எதிர்பார்த்ததைவிட விரைவாக மக்கிவிடுகிறது. மூப்படைந்த மரங்களில் பூச்சிகள் தங்குவதில்லை. புதிய கன்றுகள் நடுவதே வழி என்பது அதன் சாரம். ஒரு படி கோயில் குழுவுக்கும் கொடுக்கப்பட்டது. நோய்த்தொற்றால் இரண்டு ஆடிகள் கூட்டமின்றிப் போயின. அதற்குள் எரிக்கக் கட்டைகளும் தீர்ந்திருந்தன. 2022 முதல் கோயிலுக்குச் சவுக்கு விறகு வெளியிலிருந்து வருகிறது.

அவ்வாண்டே காய்ந்த கிளை ஒன்று ஒரு காரின் கூரையில் விழுந்தது. காயம் எவருக்கும் இல்லை. 2023இல் குடமுழுக்கு நடத்தக் குழு முடிவுசெய்தது. பட்ட மரங்கள் ஏழையும் அகற்றிவிட்டு, அந்த இடத்தில் பூமரக் கன்றுகள் நடுவது என்ற பேச்சு செப்டம்பர் முதல் வாரம் ஊரில் பரவியது. ஏழில் ஒன்று உலக்கைப்பாலை. நடுவே பொந்து விழுந்தது. பொந்தில் கொசுத்தேனீக் கூடு இருந்தது. காட்டில் எஞ்சியிருந்த செத்த மரம் அந்த ஏழுதான்.

விருத்தாம்பாள் முதலில் சொன்னது மேரிசெல்வியிடம். உப்பளத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக அவருக்கு முன்னால் கூடை சுமந்து நடப்பவர் மேரிசெல்வி. அம்பாரத்தில் கொட்டிவிட்டுத் திரும்பும்போது, நடந்தபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். மேரிசெல்வி கூடையை இறக்காமல் கேட்டுக்கொண்டார்.

"எங்களுக்கு ஒரு பொட்டி இருக்குது, உள்ள ஃபாதர் குந்திக்கினு இருப்பாரு. பாவத்த சொல்லிட்டு எழுந்து வந்துடலாம். உங்க ஐயனாரு குதிர மேல ஏறிக்கினு எறங்கவே மாட்டாரு. நீ யாராண்டக்கா சொல்லுவ?"

விருத்தாம்பாள் சிரிக்கவில்லை.

"டீச்சராண்டதான் சொல்லணும்," என்றார்.

"அப்ப சொல்லித் தொல. என் காதுல போட்டு என்னா பிரயோஜனம்? நான் என்னா வண்டா?"

அன்று மாலையும் அடுத்த இரு நாட்களும் விருத்தாம்பாள் கலைமதியின் எண்ணை அழைத்தார். மூன்று முறையும் மணி ஒலிக்குமுன் துண்டித்துவிட்டார். பச்சமுத்து பேசாமல் இருந்துவிடும்படி சொன்னார்; கோடாலி பிடித்தது தான்தான் என்றும், கேட்டால் தன் பெயரைச் சொல்லிவிடலாம் என்றும் சொன்னார். அது உதவி அல்ல என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

செப்டம்பர் 10 அன்று கோயில் மண்டபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் கூடினார்கள். எந்தக் கன்றை நடலாம் என்று சொல்வதற்காகக் கலைமதியும் அழைக்கப்பட்டிருந்தார். கன்னியப்பன் அறிக்கையின் படியைக் கையில் வைத்திருந்தார். பட்ட மரத்தில் ஒன்றுமில்லை என்று டீச்சரே எழுதிவிட்டார், பிறகு என்ன தயக்கம் என்று கேட்டார். கலைமதி தன் அறிக்கை வெட்டச் சொல்லவில்லை என்று விளக்கத் தொடங்கினார். அவர் முடிக்குமுன் பெண்கள் பக்கத்திலிருந்து விருத்தாம்பாள் எழுந்தார்.

"அந்தக் கட்டைங்க மக்கல டீச்சர். நாங்க எரிச்சிட்டோம். ஆடி ஆடிக்குப் பொங்கலுக்கு எரிச்சோம். வழி சொன்னது நான். கறையான்னு பொய் சொன்னதும் நான்தான். வண்டுங்க மரம் வேணாம்னு போவல. நாங்க மரத்த எடுத்துட்டோம். இந்த ஏழ வெட்டினா ஒண்ணும் மிச்சம் இருக்காது."

கலைமதி முதலில் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"எத்தன கட்டைக்கா?"

"எண்ணல."

"நீங்க எண்ணாம இருந்திருக்க மாட்டீங்க."

விருத்தாம்பாள் தன் இடத்தில் உட்கார்ந்தார்.

அதன்பின் கலைமதி குழுவிடம் தன் அறிக்கை பிழை என்று வெளிப்படையாகச் சொன்னார். ஓராண்டு பொறுக்கும்படியும், கிளைகளை மட்டும் கழித்துவிட்டு அடிமரங்களை நிறுத்திவைக்கும்படியும் கேட்டார். கன்னியப்பன் கோபப்படவில்லை. குடமுழுக்கு நாள் குறித்தாயிற்று. கூட்டம் ஐந்தாயிரம் வரும். அன்று காரின்மேல் விழுந்த கிளை நாளை ஒரு குழந்தையின்மேல் விழுந்தால் பதில் சொல்ல வேண்டியவர் தான் என்றார். அப்படியானால் வெட்டிய மரத்தையாவது பழைய கட்டின்படி அங்கேயே கிடத்திவிடும்படி விருத்தாம்பாள் கேட்டார்.

"ஏம்மா விருத்தா, நீதான சொன்ன? கல்லத் தாண்டலன்னா குத்தமில்லன்னு. பூ கேட்டு, சாமியும் சரின்னுது. இப்ப இந்த ஏழும் கல்லத் தாண்டப் போவல. குடமுழுக்குக்கு மூணு நாள் அன்னதானம். இங்கதான் எரியப் போவுது."

பெண்கள் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். ஓர் இளைஞன், வண்டுக்கு ஓட்டுரிமை இருந்தால் அக்கா ஜெயித்திருக்கும் என்றான். கன்னியப்பன் அவனை அதட்டி உட்காரவைத்தார். பிறகு, கூட்டம் கலையும் நேரத்தில், இவ்வளவு கேட்டதற்காக ஓர் அடிமரத்தை மட்டும் உள்ளே தள்ளிப் போட்டுவிடலாம் என்றார்.

செப்டம்பர் 20 அன்று மரங்கள் வெட்டப்பட்டன. விருத்தாம்பாள் உப்பளத்துக்குப் போகவில்லை. இயந்திர வாள் முதலில் இறங்கிய இலுப்பையின் உள்ளிருந்து பெருவிரல் பருமனில் வெள்ளைப் புழுக்கள் சிராயோடு கொட்டின. வெட்டியவர்கள் அருவருத்து ஒதுங்கினார்கள். ஒன்றுமில்லை என்று எழுதப்பட்ட மரம் அது. உலக்கைப்பாலை சாய்ந்தபோது பொந்து பிளந்து, கொசுத்தேனீக்கள் கரும்புகை போல எழுந்தன. அவை போக வேறு பொந்து அந்தக் காட்டில் இல்லை. வெட்டாமல் விடப்பட்ட மரங்கள் இன்னும் பொந்து விழும் வயதை எட்டவில்லை.

கொட்டிய புழுக்களைக் கூடையில் பொறுக்கி, விடப்பட்ட அந்த ஓர் அடிமரத்தின் வெடிப்புகளில் விருத்தாம்பாள் ஒவ்வொன்றாக வைத்தார். வெளியே விழுந்த புழு மறுபடி துளைத்துப் பிழைப்பது அரிது என்று கலைமதி அவருக்கு முன்பே ஒருமுறை சொல்லியிருந்தார். அது நினைவிருந்தும் கூடை காலியாகும் வரை வைத்தார்.

கலைமதிக்கும் அவருக்கும் இடையே கடுஞ்சொல் எதுவும் எழவில்லை. அப்படி நடந்திருந்தால் தேவலாம் என்று விருத்தாம்பாள் ஒருமுறை சொன்னார். பதினான்கு ஆண்டுகள் பொறித்தொட்டியின் இருபக்கம் உட்கார்ந்தவர்கள் அந்த ஐப்பசியில் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டார்கள். அறிக்கையைத் திருத்தி வெளியிட வேண்டும் என்றும், அதற்குக் கட்டைகளின் விவரம் வேண்டும் என்றும் கலைமதி தொலைபேசியில் சொன்னார். இம்முறை விருத்தாம்பாள் துண்டிக்காமல் அழைப்பை எடுத்திருந்தார்.

அக்டோபர் 14, இரண்டாம் சனிக்கிழமை. பொறிகளைக் கட்டி முடித்தபின் இருவரும் அடுப்படிக் கொட்டகையில் உட்கார்ந்தார்கள். கலைமதி ஒரு புதிய ஏட்டைப் பிரித்து ஐந்து பத்திகள் வரைந்தார்: ஆண்டு, மரம், கட்டம், நீளம், எரிந்த நாள். ஒவ்வொரு கட்டையாகச் சொல்லும்படி கேட்டார்.

முதல் சில கட்டைகளுக்கு விருத்தாம்பாள் தயங்கினார். பிறகு தயக்கம் இல்லை. 2013: காசாக் கிளை, கோயிலுக்குப் பின்னால், ஒன்றரை முழம். 2014: கருங்காலி, இரண்டாம் கட்டம், உள்ளே எறும்பு இருந்தது. 2015: இலுப்பை, பாதி சிவந்தது, எரியும்போது புகைந்து கண்ணைக் கெடுத்தது, அதில் கரணக்காரன் இருந்தான். எந்தக் கட்டை எந்தக் குடும்பத்தின் அடுப்பில் எரிந்தது என்றும் பலவற்றுக்குச் சொன்னார். 2017இன் வீரைக்கு வந்தபோது கலைமதி எழுதுவதை நிறுத்தி, பழைய ஏட்டை எடுத்து, 2019 நவம்பர் 9இல் உள்ள வரியை ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் தேதியிட்டார். விருத்தாம்பாள் அதன்கீழே கையெழுத்திட்டார். பிறகு அவர் சொல்வதும் இவர் எழுதுவதும் தொடர்ந்தன.

நடுவில் மழை ஒருமுறை வந்து நின்றது. தேநீர் வாங்கிவந்த பச்சமுத்து தனக்கு நினைவிருந்த இரண்டைச் சேர்த்தார். அவற்றில் ஒன்று முன்பே எழுதப்பட்டிருந்தது. மாலை நான்கு மணிக்கு விருத்தாம்பாள் இனி நினைவுக்கு வரவில்லை என்றார். கலைமதி வரிசை எண்ணைச் சரிபார்த்து, கடைசி வரியின்கீழே கோடிட்டு, மொத்தத்தை எழுதினார்.

கட்டைகள்: நூற்றுப் பதினெட்டு.